பூஜ்யம் எங்கே மேடம்?

ஒரு கிராஃபால் எனக்கு 12,000 ரூபாய் வட்டி போனது என்று சொன்னால் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. "எக்ஸல்ல போட்டா தானா வந்துடுமே" என்று மஸ்கட்டிலிருந்து கணவர் போனில் சொன்னார். தானாக வந்ததுதான் பிரச்சினையே. வந்த படத்தை அப்படியே நம்பி, அதைச் சரிசெய்கிறேன் என்று இன்னும் கெடுத்து, வங்கியில் பொய்க்கணக்கு காட்டுகிறவள் மாதிரி தலைகுனிந்து நின்றேன். எண்கள் எல்லாம் சரி. பிளஸ் எது, மைனஸ் எது என்று படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் சின்ன யூனிட் எங்களுடையது. மாமனார் காலத்தில் ஒற்றை அடுப்பு, இப்போது ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். சரக்கில் பாதிக்கு மேல் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் போகிறது. அதனால் எங்கள் வருஷம் சித்திரையில் தொடங்குவதில்லை, ஓணத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்பே தோட்டக்காரர்களுக்குக் குலைக்கு அட்வான்ஸ் கொடுத்து வைக்க வேண்டும், எண்ணெய் வாங்கி இறக்க வேண்டும். ஜூன், ஜூலையில் கையில் இருப்பதெல்லாம் வெளியே போகும், துண்டு விழும். ஓணத்துக்கு மொத்தமாகத் திரும்பி வரும். டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு இன்னொரு சின்ன ஏற்றம். மைனஸ் மாதம் என்றால் நஷ்ட மாதம் என்று அர்த்தமில்லை, பணம் குலையாகவும் எண்ணெயாகவும் இருக்கிற மாதம். இது எனக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும். பார்க்கிற மூன்றாம் மனிதருக்கு எப்படித் தெரியும்?

2025-ல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது எங்களிடம் இருந்த 1 லட்சம் ஓடி (ஓவர்டிராஃப்ட், கணக்கில் பணம் இல்லாதபோதும் வங்கி எடுக்க விடும் தொகை) போதாது என்று தெரிந்துவிட்டது. அதை 3 லட்சமாக உயர்த்த வங்கியில் கேட்டேன். ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2025 வரை மாதவாரி வரவு செலவு ஸ்டேட்மென்ட் வேண்டும், கூடவே மாதாமாதம் மிஞ்சியது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று ஒரு லைன் கிராஃப் இருந்தால் நல்லது என்றார்கள். ஸ்டேட்மென்ட்டை ஆடிட்டர் கொடுத்துவிட்டார். கிராஃப் நம் கைவேலை என்று ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன்.

24 எண்களைத் தேர்வுசெய்து லைன் சார்ட் என்று அழுத்தியதும் படம் வந்தது. வந்ததும் முதலில் கண்ணை உறுத்தியது மாதப் பெயர்கள். அவை படத்துக்குக் கீழே இல்லை, நட்ட நடுவில் பூஜ்யம் இருக்கும் இடத்தில் வரிசையாகக் கிடந்தன. கோடு கீழே இறங்கும்போதெல்லாம் அவற்றின் மேலேயே ஓடியது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்கு மக்கா எழுத்து மேல எல்லாம் கோடு கீறி வெச்சிருக்க?" என்றார். எக்ஸல் அப்படித்தான். கிடை அச்சு பூஜ்யத்தில் வெட்டும், மாதப் பெயர்கள் அந்த அச்சை ஒட்டியே நிற்கும். எல்லாம் பிளஸாக இருக்கும்வரை இது தெரியாது, ஒரு மைனஸ் வந்ததும் குழப்பம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. நான் தவறானதைப் பிடித்தேன். செங்குத்து அச்சின் அமைப்பில், கிடை அச்சு எந்த மதிப்பில் வெட்ட வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் −100 என்று கொடுத்தேன் (படம் ஆயிரம் ரூபாய்க் கணக்கில், கீழ் எல்லை −100, மேல் எல்லை 250). பெயர்கள் அழகாகக் கீழே போய்விட்டன. ஆனால் பெயர்களோடு அச்சுக்கோடும் கீழே போய்விட்டது! படத்தின் அடியில் ஒரு கெட்டியான கோடு. பூஜ்யம் இருந்த இடத்தில் மற்ற குறுக்குக் கோடுகளைப் போலவே சாம்பலாக ஒரு மெல்லிய கோடு. அந்த நேரத்தில் எனக்கு இது ஒரு குறையாகவே படவில்லை, படம் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் இன்னொரு வேலையும் செய்தேன். மைனஸ் எண்கள் சிவப்பாக இருந்தால் பளிச்சென்று தெரியுமே என்று எண் வடிவத்தில் சிவப்பைத் தேர்வு செய்தேன். எக்ஸல் காட்டும் பட்டியலில் மைனஸ் குறியோடு சிவப்பு ஒன்று உண்டு, குறியே இல்லாமல் வெறும் சிவப்பு ஒன்று உண்டு. நான் குறியில்லாததை எடுத்திருக்கிறேன். திரையில் அருமையாக இருந்தது. மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் மூன்று பிரதி எடுத்தேன். அச்சில் மேலிருந்து கீழாக 250, 200, 150, 100, 50, 0, 50, 100. நான் அதைக் கவனிக்கவில்லை. என் கண்ணுக்கு அது இன்னும் சிவப்பாகத்தான் தெரிந்தது போலிருக்கிறது.

ஜூன் இரண்டாம் வாரம். மேனேஜர் படத்தை மேஜையில் விரித்து, பேனாவின் மூடியை அடிக்கோட்டில் வைத்து மேல்நோக்கி அளந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், தரை என்பது அடியில்தானே இருக்கும். ஜூன் 2024 அடிக்கோட்டிலிருந்து 40 உயரத்தில் இருந்தது. ஜூலை கிட்டத்தட்ட தரையோடு தரை. ஆகஸ்ட் 90 உயரத்தில். "ஜூன்ல நாப்பதாயிரம் மிச்சம், ஆகஸ்ட்ல தொண்ணூறாயிரம் மிச்சம்னு படம் சொல்லுது. ஆடிட்டர் ஸ்டேட்மென்ட்ல ஜூன் மைனஸ் அறுபது, ஜூலை மைனஸ் தொண்ணூத்தஞ்சு, ஆகஸ்ட் மைனஸ் பத்து. எதை நம்ப?" என்றார். நான் எழுந்து போய் நடுவில் இருந்த சாம்பல் கோட்டைத் தொட்டு, இதிலிருந்து கீழே சார் என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பூஜ்யம் எங்கே மேடம்? எனக்கு எல்லாக் கோடும் ஒண்ணாத்தான் இருக்கு."

அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அடுத்து சொன்னதுதான் வலித்தது. "மைனஸைப் படத்தில மறைச்சிட்டுக் கொண்டு வந்தா நாங்க என்ன செய்ய?" மறைத்தேனா? ராத்திரி ஒரு மணிவரை உட்கார்ந்து அது பளிச்சென்று தெரிய வேண்டும் என்றல்லவா சிவப்பைப் போட்டேன்! வாயில் வார்த்தை வரவில்லை. ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸுக்காக நின்றபோது கண் கலங்கியது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, "ஜூன் மாசம் எவ்வளவு?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது எதை அனுப்பினாலும் முதலில் அதைச் செய்கிறேன். ஏனென்றால் வண்ண பிரிண்டர் இல்லாத மேஜைகளுக்குத்தான் நம் காகிதங்கள் கடைசியில் போய்ச் சேர்கின்றன.

அடுத்ததாக நான் செய்தது இன்னும் மடத்தனம். நமக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் கொடுப்போம் என்று ஒரு டிடிபி கடையில் 800 ரூபாய் கொடுத்தேன். அவர் முப்பரிமாணத்தில், ரிப்பன் மாதிரி மடிந்து மடிந்து ஓடும் ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்தார். பார்க்கக் கல்யாண மண்டப அலங்காரம் மாதிரி இருந்தது. சாய்ந்து நிற்கும் படத்தில் எது பூஜ்யத்துக்கு மேல், எது கீழ் என்று கண்டுபிடிக்க முடியாது. சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லாம் உயரமாகத் தெரியும். அந்தப் படத்தை வங்கியில் கொடுக்கவேயில்லை, வாசலில் நின்றே உறையில் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

இதற்குள் ஜூலை பிறந்துவிட்டது. அந்த வருஷம் திருவோணம் செப்டம்பர் 5. குலைக்கு அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் சரக்கு வேறு ஆளுக்குப் போய்விடும். நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. வேறு வழியில்லாமல் தெரிந்த ஒருவரிடம் 2 லட்சம், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 6,000, இரண்டு மாதத்துக்கு 12,000. கொடுத்தவர் கிராஃப் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பம் வந்தது அடுப்படியில்தான். பழைய படத்தை மேஜையில் போட்டுவிட்டு முறைத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் காய் சீவும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார், அது என்ன என்று கேட்டார். மாதாமாதம் கையில் நின்ற பணம், சில மாதம் மைனஸ் என்றேன். "முக்கடல் டேம்ல தண்ணி மைனஸ்னு போடுவாங்கல்லா, அது மாதிரியா?" என்றார். நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணை 25 அடி. கோடையில் அதன் நீர்மட்டம் மைனஸ் இத்தனை அடி என்று செய்தி வருவது எங்கள் மாவட்டத்தில் சகஜம். மைனஸ் என்றால் அணை காலி என்று யாரும் நினைப்பதில்லை. ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள், தண்ணீர் அதற்குக் கீழே போயிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா அடுத்து கேட்டதுதான் விஷயம்: "அப்போ அந்தக் குறி எங்க போட்டிருக்கு?"

மேனேஜர் கேட்ட அதே கேள்வி. வங்கியில் கேட்டபோது அவமானமாக இருந்தது, இங்கே கேட்டபோது புத்தி வந்தது. அணையில் குறி என்னவென்று ஊருக்கே தெரியும். என் படத்தில் குறியும் இல்லை, குறிக்குப் பெயரும் இல்லை.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். வெட்டும் இடத்தைத் தானியங்கிக்கே விட்டு, கிடை அச்சைப் பூஜ்யத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். மாதப் பெயர்களை மட்டும் கீழே இறக்க, அதே கிடை அச்சின் மேல் வலது கிளிக் செய்து ஃபார்மட் ஆக்சிஸ், அதில் லேபிள்ஸ், அதில் லேபிள் பொசிஷன் என்று போய் 'லோ' என்று தேர்ந்தெடுத்தால் போதும். அச்சு பூஜ்யத்திலேயே நிற்கும், எழுத்து மட்டும் அடிக்கு இறங்கும். எக்ஸலுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையை 'அவுட்சைட் ஸ்டார்ட்' என்ற தேர்வு செய்கிறது. இந்த ஒரு சொடுக்கு தெரியாமல்தான் இவ்வளவும். நான் முதலில் செய்த தவறை லைன் சார்ட்டில் செய்தால் குழப்பம் மட்டும்தான் வரும். பார் சார்ட்டில் செய்தால் எல்லாப் பட்டைகளும் −100-லிருந்து மேல்நோக்கி முளைக்கும், மைனஸ் மாதம்கூட பிளஸ் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

பிறகு அந்தப் பூஜ்யக் கோட்டைக் கறுப்பாக, மற்ற எல்லாவற்றையும்விடத் தடிமனாக ஆக்கினேன். குறுக்குக் கோடுகளைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத வெளிர் சாம்பலுக்குக் கொண்டுபோனேன். பூஜ்யக் கோட்டின் வலது முனையில் ஒரு சின்ன எழுத்துப் பெட்டி வைத்து, மேலே 'கையில் நின்றது', கீழே 'துண்டு விழுந்தது' என்று எழுதினேன். பூஜ்யம் என்று எழுதுவதைவிட இது மேல். எண்ணைப் பார்க்காதவர்கூட கோடு எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். அச்சு எண்களுக்குச் சிவப்பை எடுத்துவிட்டு, தனி வடிவமாக +0;-0;0 என்று கொடுத்தேன். அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது பிளஸ் எண்ணுக்கு, நடுவில் இருப்பது மைனஸுக்கு, கடைசியில் இருப்பது பூஜ்யத்துக்கு. இப்போது பிளஸுக்கும் குறி வந்துவிடும். ஜெராக்ஸில் மைனஸ் மங்கிப் போனாலும், பக்கத்து எண்களில் பிளஸ் இருப்பதைப் பார்த்து இதில் அது இல்லை என்று புரிந்துகொள்ளலாம். கணக்குப் படித்தவர்கள் அடைப்புக்குறி போடுவார்கள். அது ஆடிட்டருக்குப் புரியும், அக்காவுக்குப் புரியாது.

எல்லா மாதத்துக்கும் எண்ணை எழுதினால் எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும். அதனால் மிக உயர்ந்த புள்ளிகள், மிகத் தாழ்ந்த புள்ளிகள் மட்டும். தாழ்ந்த புள்ளியின் எண் அதற்குக் கீழே இருக்க வேண்டும். எக்ஸலில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து இடம் மாற்றலாம். 'ஜூலை −95, குலை அட்வான்ஸ்' என்று காரணத்தையும் நாலு வார்த்தையில் சேர்த்தேன். ஓணத்தையும் குறித்தேன், அது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். 2023-ல் திருவோணம் ஆகஸ்ட் 29, 2024-ல் செப்டம்பர் 15. எங்களுக்கு ஆகஸ்ட் 2023 +160, ஆகஸ்ட் 2024 −10. மாதத்துக்கு மாதம் ஒப்பிடுகிறவருக்கு இது யூனிட் மூழ்குகிற மாதிரி தெரியும். பணம் ஒரு மாதம் தள்ளிப் போனது, செப்டம்பர் 2024-ல் +205 வந்தது. இரண்டு சிகரத்தின் தலையிலும் ஓணத் தேதியை எழுதியதும் அந்தக் கேள்வியே எழவில்லை. தீபாவளி, ரம்ஜான் என்று தேதி மாறும் பண்டிகையை நம்பித் தொழில் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை இருக்கும்.

அடுத்து நிறம். பூஜ்யக் கோட்டுக்கு மேலே பச்சை, கீழே சிவப்பு என்று நிரப்பினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். பச்சையும் சிவப்பும் ஜெராக்ஸில் ஒரே சாம்பல். போதாததற்கு இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண் ஆண்களில் பலருக்கு உண்டு. நான் மேலே வெளிர் நீலம், கீழே அடர்ந்த ஆரஞ்சு என்று வைத்தேன். வெளிர், அடர்த்தி என்ற வித்தியாசம் கறுப்பு வெள்ளையிலும் நிற்கும்.

நிரப்புவதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் இரண்டு ராத்திரி போயிற்று. வழக்கமாகச் சொல்லித் தருவது இது: பக்கத்தில் இரண்டு புது வரிசை, ஒன்றில் பூஜ்யத்துக்கு மேல் இருப்பது மட்டும், மற்றதில் கீழ் இருப்பது மட்டும், இல்லாத இடத்தில் பூஜ்யம். இரண்டையும் ஏரியா சார்ட்டாக (கோட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நிறம் நிரப்பும் படமாக) போட வேண்டும். போட்டேன். மே 2024 +30, ஜூன் −60. நீலம் மே மாத 30-லிருந்து சரிந்து ஜூனில் பூஜ்யத்தைத் தொடுகிறது. ஆரஞ்சு மே மாதத்துப் பூஜ்யத்திலிருந்தே சரியத் தொடங்கி ஜூனில் −60-க்குப் போகிறது. அதாவது மே முதல் ஜூன் வரை மேலேயும் ஒரு முக்கோணம், கீழேயும் ஒரு முக்கோணம், இரண்டும் ஒரே நேரத்தில்! உண்மையான கோடு இரண்டுக்கும் நடுவே தனியாகப் போகிறது. இதைப் பார்க்கிறவர் மே மாதமே துண்டு விழ ஆரம்பித்துவிட்டது என்றுதான் படிப்பார்.

கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு புள்ளி இல்லாததுதான் காரணம். அந்தப் புள்ளியை நாமே சேர்க்க வேண்டும். கணக்கு எளிது. 30-ஐ, 30-உம் 60-உம் சேர்ந்த 90-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு மாதத்தையும் 15-ஆம் தேதியில் வைத்தால் மே 15-க்கும் ஜூன் 15-க்கும் இடையே 31 நாள், அதில் மூன்றில் ஒன்று சுமார் 10 நாள். ஆகவே மே 25 என்று ஒரு புது வரி, மதிப்பு பூஜ்யம். இதே மாதிரி கோடு கடக்கும் ஒவ்வொரு இடத்திலும். கிடை அச்சை எழுத்து அச்சாக விடாமல் தேதி அச்சாக மாற்றினால்தான் மே 25 சரியான இடத்தில் உட்காரும். பைத்தான் என்ற நிரல்மொழியில் படம் வரைய மேட்பிளாட்லிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை, நிரப்பும் கட்டளையிலேயே இன்டர்போலேட் என்று ஒரு தேர்வு இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: மே 25 அன்று எங்கள் கல்லாவில் எதுவும் நடக்கவில்லை. அது படம் ஒழுங்காக வருவதற்கான புள்ளி. அதற்கு எண்ணோ தேதியோ எழுதிவிடாதீர்கள், நாளை யாராவது அந்தத் தேதி பில்லைக் கேட்பார்கள்.

இப்படி மேல்-கீழ் நிரப்புவது பற்றித் தேடியபோது 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட படம் கண்ணில் பட்டது. டென்மார்க், நார்வேயோடு இங்கிலாந்து செய்த வணிகம், 1700 முதல் 1780 வரை. இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்வரை நடுவெளிக்கு ஒரு நிறம், இங்கிலாந்துக்குப் பாதகம் என்று எழுத்து. அதற்குப் பிறகு வேறு நிறம், சாதகம் என்று எழுத்து. 24 எண்ணை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டுக்கு 240 வருஷத்துக்கு முந்தைய படம் எவ்வளவு தெளிவு! உடனே நானும் வரவுக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை. வரவும் செலவும் 4 லட்சம், 5 லட்சம் என்று உயரத்தில் ஓடும், பல மாதங்களில் இடைவெளி முப்பது, நாற்பது ஆயிரம். இரண்டு கோடும் சேர்ந்து செங்குத்தாக ஏறும் இடத்தில் கண் இடைவெளியைக் குறுக்காக அளக்கிறது, மேல்-கீழாக அளப்பதில்லை. நிறைய மிஞ்சிய ஓண மாதம் ஒட்டிப்போன மாதிரி தெரிந்தது. இடைவெளிதான் செய்தி என்றால் கழித்துவிட்டு மிச்சத்தையே வரைவது நல்லது என்று திரும்ப வந்துவிட்டேன்.

இரண்டு சின்ன விஷயம். கோட்டை வளைவாக்கும் 'ஸ்மூத்டு லைன்' என்ற பெட்டியைத் தொடவே வேண்டாம். எனக்கு ஜனவரி +70, பிப்ரவரி +4, மார்ச் +5. வளைவாக்கியதும் பிப்ரவரியைத் தாண்டிக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தது. இல்லாத துண்டை எக்ஸலே விழ வைத்தது! இன்னொன்று, கணக்கு இல்லாத மாதத்தைச் சூத்திரத்தால் வெற்றாகக் காட்டினால் எக்ஸல் அதைப் பூஜ்யமாக வரையும். மிஞ்சவும் இல்லை குறையவும் இல்லை என்பது வேறு, கணக்கே இல்லை என்பது வேறு. அங்கே என்ஏ (NA) என்ற ஃபங்ஷனைப் போட்டுவிட்டால் அந்தப் பூஜ்யம் வராது.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு சந்தேகம். மாதாமாதம் மிஞ்சியதற்கு லைன் சார்ட் சரியா? என் அபிப்பிராயம், சரியில்லை. ஒவ்வொரு மாதமும் தனித்தனி மொத்தம், மே மாதத் தொகைக்கும் ஜூன் மாதத் தொகைக்கும் நடுவே எதுவும் ஓடவில்லை. பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக நிற்கும் பட்டைகள்தான் அதற்குப் பொருத்தம். கேட்டது லைன் என்பதால் லைன் கொடுத்தேன். ஆனால் லைனுக்கே பிறந்த கணக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது, இருப்பு. மே 2024 கடைசியில் கையில் +35. ஜூனில் 60 குறைந்து −25. ஜூலையில் 95 குறைந்து −120. ஆகஸ்ட் −130. செப்டம்பரில் 205 வந்து +75. இதை இரண்டாவது படமாகப் போட்டு, −100-இல் ஒரு புள்ளிக்கோடு வரைந்து 'இப்போதைய ஓடி வரம்பு' என்று எழுதினேன். இருப்புக் கோடு அந்தப் புள்ளிக்கோட்டுக்குக் கீழே 30 ஆயிரம் இறங்கியிருப்பது ஒரு பார்வையில் தெரிந்தது. நகை ஏன் அடகுக்குப் போனது என்பது அந்த 30 ஆயிரத்தில் இருக்கிறது. நான் கேட்க நினைத்ததும் இதுதானே. மாதப் படத்தில் ஜூலைதான் மோசமான மாதம், இருப்புப் படத்தில் ஆகஸ்ட். இரண்டும் உண்மை, கேள்விகள்தான் வேறு.

ஜூலை கடைசியில் இரண்டு படங்களோடும் மறுபடி போனேன். இந்தத் தடவை மேனேஜர் பேனா மூடியை அடியில் வைக்கவில்லை, நேராகக் கறுப்புக் கோட்டில் வைத்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜூலைப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "அட்வான்ஸ் மொத்தமும் ஜூலையிலேயே குடுக்கணுமா? பாதியை ஆகஸ்ட்டுக்குத் தள்ள முடியாதா?" என்று கேட்டார். தோட்டக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எண்ணெயை வேண்டுமானால் இரண்டு தவணையாக வாங்கலாம் சார் என்றேன். அரை மணி நேரம் குலை விலை, எண்ணெய் விலை, சாலைச் செலவு என்று போயிற்று. படத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்பு சொன்ன வார்த்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வரம்பு 3 லட்சம் ஆனது. மறுநாளே மூன்று வட்டியை அடைத்தேன்.

அந்த ஃபைலில் இப்போது மாதம் ஒரு எண்ணைத்தான் சேர்க்கிறேன். செப்டம்பர் 2025 எண்ணைப் போட்டதும் கோடு 250-ஐத் தாண்டிப் படத்துக்கு வெளியே போய்விட்டது. மேல் எல்லையை 300 ஆக்கினால் வங்கியில் இருக்கும் பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது, பழைய ஜூலைக் குழி இதில் ஆழம் குறைந்து தெரியும். அதனால் பழைய இரண்டு வருஷத்தையும் அதே 300 அளவில் மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு இன்னும் 60 ரூபாய்.